ஜெனரேட்டரில் வோல்டேஜ் சரியாக நிற்கவில்லையா? பெங்களூரில் டிஜி பார்க்கும் நம் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெங்களூரில் எத்தனையோ அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் கல்யாண மண்டபங்களிலும் டிஜி (டீசல் ஜெனரேட்டர்) அறைச் சாவி தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்துப் பிள்ளைகளிடம் இருக்கிறது. ராத்திரி பதினோரு மணிக்கு பெஸ்காம் என்ற மின் கம்பெனியின் கரண்ட் போய், ஜெனரேட்டரும் ஓடி, வோல்டேஜ் மட்டும் சரியாக வராவிட்டால் அவர்கள் போன் போடும் ஆட்களில் நானும் ஒருவன். இருபது வருடத்துக்கு மேலாக இதுதான் என் தொழில். மெஷினோடு வரும் புத்தகம் இங்கிலீஷில் இருக்கிறது. அறையில் நிற்கும் பையனுக்கு அந்த நேரத்தில் அதைப் புரட்டப் பொறுமை இருக்காது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை அதனால்தான் தமிழில் எழுதி வைக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 415 வோல்ட் ஆளைக் கொல்லும். ஏவிஆர், அதாவது வோல்டேஜைத் தானாகச் சீராக வைக்கும் பெட்டி, அதைத் திறக்கும்போது செட்டை நிறுத்தி, எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்தி, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி வையுங்கள். ஆட்டோவில் விட்டுவிட்டுக் கை வைத்தால், கரண்ட் போன அந்த நொடியில் செட் தானே கிளம்பிவிடும். ஓடும் செட்டில் திருகைத் திருப்பியே ஆக வேண்டிய இடங்களும் உண்டு. அப்போது இன்சுலேஷன் உள்ள சின்ன ஸ்குரூ டிரைவர், காலுக்கு அடியில் ரப்பர் மேட், பக்கத்தில் இன்னொரு ஆள் மூன்றும் வேண்டும்.

அண்ணே, வோல்டேஜ் குறைவாகக் காட்டுகிறது. பேனலில் இருக்கும் வோல்டேஜ் பாட்டை (பொட்டென்ஷியோமீட்டர், வோல்டேஜை ஏற்றி இறக்கும் குமிழ்) திருப்பி ஏற்றிவிடவா?

ஹெர்ட்ஸ் எவ்வளவு என்று பார்க்காமல் அதைத் தொடாதீர்கள். இந்தப் பக்கத்தில் இது ஒன்றை மட்டும் மனதில் வைத்தாலே பாதிப் பிரச்சினை வராது.

சர்ஜாப்பூர் ரோடு பக்கம் ஒரு குடியிருப்பு. 125 கேவிஏ செட். டீசல் ஃபில்டர் அடைத்துப்போய் இன்ஜின் முக்கிக்கொண்டு ஓடியிருக்கிறது, 43 ஹெர்ட்ஸில். வோல்டேஜ் 380தான் வந்தது. அங்கிருந்த தம்பி புத்திசாலிதான், வேலைக்குப் புதுசு. பாட்டைத் திருப்பி 415க்குக் கொண்டுவந்தான், மீட்டரில் எண் சரியாக வந்ததும் நிம்மதியாகிவிட்டான். மறுநாள் வேறொரு ஆள் வந்து ஃபில்டரை மாற்றினார். இன்ஜின் முழு வேகத்துக்கு வந்தது. அடுத்த கரண்ட் கட்டில் வோல்டேஜ் 450ஐத் தாண்டியது. ஒரு பேஸுக்கு 260க்கு மேல். மூன்று மாடிகளில் எல்இடி டிரைவர்களும் தண்ணீர் ஃபில்டர் அடாப்டர்களும் போயின. திட்டு வாங்கியது அந்தத் தம்பி. அவன் கையில் ஒரு ஹெர்ட்ஸ் மீட்டர் கொடுத்து இரண்டு வார்த்தை சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் போனதுதான் எனக்கு இன்னும் மனதைக் குடைகிறது.

நடந்தது இதுதான். வேகம் குறைந்தால் வோல்டேஜையும் சேர்த்துக் குறைக்கும்படிதான் ஏவிஆரைச் செய்திருக்கிறார்கள். குறைக்காவிட்டால் வேகம் இல்லாத நேரத்தில் வோல்டேஜைத் தூக்கிப்பிடிக்க ஏவிஆர் ஃபீல்டில் (காந்தத்தை உண்டாக்கும் சுருளில்) அளவுக்கு மீறிக் கரண்ட்டைத் தள்ளும், ஃபீல்டு வயண்டிங்கும் ஏவிஆரும் சூடேறிக் கருகும். ஆக, வேகம் குறைந்து வோல்டேஜ் இறங்கினால் ஏவிஆர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்று அர்த்தம். பார்க்க வேண்டியது டீசல் ஃபில்டர், டீசல் லைனில் காற்று, ஏர் ஃபில்டர், இன்ஜின் வேகத்தைப் பிடித்து வைக்கும் கவர்னர், ஆக்சிலரேட்டர் லிங்க்.

ஹெர்ட்ஸ் எவ்வளவு இருக்க வேண்டும்?

நம் ஊர்ப் பெரிய டீசல் செட்டுகள் நாலு போல் (நாலு காந்த முனை) ஆல்டர்னேட்டர், அதாவது இன்ஜின் சுழற்றக் கரண்ட் உண்டாக்கும் பாகம். 1500 ஆர்பிஎம் என்றால் 50 ஹெர்ட்ஸ். ஒரு ஹெர்ட்ஸுக்கு 30 ஆர்பிஎம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 47 ஹெர்ட்ஸ் காட்டினால் இன்ஜின் 1410இல் ஓடுகிறது.

மெக்கானிக்கல் கவர்னர் உள்ள பழைய செட் லோடு இல்லாதபோது 52 பக்கம் நிற்கும், முழு லோடில் 50க்கு இறங்கும். அது கோளாறு இல்லை. எலக்ட்ரானிக் கவர்னர் உள்ள செட் லோடு ஏறினாலும் 50ஐ விட்டு அசையக்கூடாது. 2023 ஜூலை 1 முதல் வந்த சிபிசிபி 4 பிளஸ் என்ற புகை விதிப்படி செய்த பெரும்பாலான செட்டுகளில் இன்ஜினைக் கம்ப்யூட்டர் பெட்டிதான் ஆள்கிறது. அவற்றில் ஹெர்ட்ஸ் தள்ளாடினால் ஸ்பேனரை எடுக்காதீர்கள், கன்ட்ரோலரில் வந்திருக்கும் எரர் கோடைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வோல்டேஜை எந்த எண்ணில் வைப்பது? ஒருவர் 400 என்கிறார், ஒருவர் 415 என்கிறார்.

பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே உள்ள எண்ணை 1.732ஆல் பெருக்கினால் பேஸ் டு பேஸ் வரும். 240க்கு 415, 230க்கு 400க்குக் கொஞ்சம் கீழே. ஆல்டர்னேட்டர் பெயர்ப்பலகையில் 415 என்று அடித்திருந்தால் 415 வையுங்கள். லோ டென்ஷன் சப்ளைக்கு 1956ஆம் வருடத்து மின்சார விதிகள் கொடுத்த வரம்பு கூடவோ குறையவோ 6 சதவீதம். 415க்கு அது 390இலிருந்து 440 வரை. அந்த வரம்பின் ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். கடைசி டவரின் மேல்மாடிக்கு வோல்டேஜ் போதவில்லை என்று ஜெனரேட்டரில் 435 வைத்தால், டிஜி அறைக்குப் பக்கத்து டவர்க்காரர் வீட்டு சாமான்கள் அதைத் தாங்க வேண்டும். கேபிள் மெலிந்திருப்பதற்குக் கேபிளைத்தான் பார்க்க வேண்டும்.

பேனல் மீட்டரை மட்டும் நம்பியும் திருப்பாதீர்கள். செலக்டர் சுவிட்சின் கான்டாக்ட் கருத்துப்போனால் மீட்டர் பத்து இருபது வோல்ட் குறைத்துச் சொல்லும். பிரேக்கரின் கீழ் முனையில் மல்டிமீட்டர் வைத்து ஒரு தடவை ஒத்துப்பாருங்கள்.

ஏவிஆர் பலகையில் நாலைந்து சின்னத் திருகு இருக்கிறது. எது எதற்கு?

கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும், வேலை மாறாது.

வோல்ட் என்று எழுதியிருப்பது வோல்டேஜை ஏற்றி இறக்கும் திருகு. ஸ்டாப் அல்லது ஸ்டெபிலிட்டி என்பது ஆட்டத்தை அடக்குவது. யுஎஃப்ஆர்ஓ என்பது, வேகம் எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் வோல்டேஜை இறக்க வேண்டும் என்று சொல்லும் திருகு. நம் பக்கம் நிறைய ஓடும் ஸ்டாம்ஃபோர்டு வகைகளில் இதை 50 ஹெர்ட்ஸ் செட்டுக்கு 47இல் வைத்துத்தான் கம்பெனியிலிருந்து அனுப்புகிறார்கள். பக்கத்தில் ஒரு குட்டி எல்இடி இருக்கும். செட் ஓடும்போது அது எரிந்தால் வேகம் குறைவு என்று ஏவிஆர் உங்களிடம் சொல்கிறது. அந்த விளக்கு எரியும்போது வோல்ட் திருகைத் தொடவே கூடாது. ட்ரூப் என்பது இரண்டு செட்டைச் சேர்த்து ஓட்டும் இடத்துக்கு. ட்ரிம் என்பது வெளியிலிருந்து வரும் கன்ட்ரோல் சிக்னலுக்கு.

திருகின் தலையில் சிவப்போ மஞ்சளோ வார்னிஷ் பொட்டு இருந்தால் அது கம்பெனி வைத்த முத்திரை. உடைக்கும் முன் போனில் ஒரு படம் எடுங்கள். திருகு நின்ற திசை தெளிவாகத் தெரிய வேண்டும். இதைச் சொன்னால் பையன்கள் தலையாட்டுவார்கள், செய்யமாட்டார்கள். தயவுசெய்து செய்யுங்கள்.

50, 60 ஹெர்ட்ஸுக்கு ஒரு ஜம்பரும் இருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த பழைய செட்டில் அது 60இல் கிடந்தால், 50இல் சரியாக ஓடும்போதும் விளக்கு எரியும், வோல்டேஜ் ஏறாது. ஒரு நாள் முழுக்க ஃபீல்டைச் சோதித்துவிட்டு சாயங்காலம்தான் நான் அந்த ஜம்பரைப் பார்த்தேன்.

பேனல் பாட்டைத் திருப்பினாலும் வோல்டேஜ் அசையவில்லை. சில சமயம் ஓரிடத்தில் துள்ளுகிறது. ஏவிஆர் போய்விட்டதா?

அவசரப்பட்டு ஏவிஆர் வாங்காதீர்கள். முதலில் பாட்டைச் சந்தேகப்படுங்கள். ஏவிஆரின் விலை எங்கே, பாட்டின் விலை எங்கே.

2022 செப்டம்பர் மழையில் பெல்லந்தூர், ஏமலூர் பக்கம் பேஸ்மென்ட்கள் ஏரியானது நினைவிருக்கும். தண்ணீர் வடிந்த பிறகு ஒரு டிஜி அறைக்குப் போனேன். பேனலின் கீழ்ப்பாதியில் சேற்றுக்கோடு போட்டிருந்தது. பாட் அந்தக் கோட்டுக்கு மேலே, பார்க்கப் புதுசாக இருந்தது. கழற்றிப் பின்பக்கம் திருப்பினேன். மூன்று காலிலும் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. நடுக்கால் வயரை விரலால் தொட்டதும் சாம்பல் போல உதிர்ந்து கையோடு வந்துவிட்டது. உள்ளே தண்ணீரே போகவில்லை. பல நாள் நின்ற ஈரக்காற்று செய்த வேலை அது. குடியிருப்பில் ஏவிஆருக்கு ஏற்கெனவே கொட்டேஷன் வாங்கி வைத்திருந்தார்கள். எஸ்பி ரோட்டில் ஒரு பாட் வாங்கி வந்து போட்டதும் செட் சரியாகிவிட்டது.

சோதிப்பது சுலபம். செட்டை நிறுத்தி, பாட்டின் வயர்களைக் கழற்றிவிடுங்கள். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, நடுக்காலிலும் ஒரு ஓரக்காலிலும் புரோப் பிடித்து, தண்டை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு கிலோ ஓம் பாட் என்றால் பூஜ்யத்துக்குப் பக்கத்திலிருந்து ஆயிரம் வரை படிப்படியாக ஏற வேண்டும். நடுவே எங்காவது ஓஎல் (தொடர்பு விட்டதன் அடையாளம்) என்று தாவினால் உள்ளே தடம் தேய்ந்துவிட்டது, தூக்கிப் போடுங்கள். முள் உள்ள பழைய மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது, முள் துடிப்பது கண்ணுக்கே தெரியும்.

புதுசு வாங்கும்போது ஓம்ஸும் வாட்ஸும் பழையதற்குச் சமமாக இருக்க வேண்டும். பல ஏவிஆர்களுக்கு ஒரு கிலோ ஓம், ஒரு வாட் போதும், அது ஏறக்குறைய 10 சதவீதம் மேலும் கீழும் வோல்டேஜைத் தள்ளும். ரேடியோ வால்யூமுக்கு வரும் மெல்லிய கார்பன் பாட் வேண்டாம். இன்ஜின் அதிர்வில் அது ஒரு வருடம்கூடத் தாங்காது. கம்பி சுற்றிய வகையாக, பிளாஸ்டிக் தண்டாகப் பாருங்கள். பிளாஸ்டிக் ஏன் என்றால், நிறைய ஏவிஆர்களில் அந்த இரண்டு வயரும் மெயின் வயண்டிங்கிலிருந்து தனிப்படுத்தப்பட்டவை அல்ல. இன்சுலேஷன் விட்டால் உலோகத் தண்டிலேயே ஷாக் இருக்கும்.

பாட் நல்லதாக இருந்தால் பேனலிலிருந்து ஏவிஆர் வரை வரும் வயரைப் பாருங்கள். வாடகை செட்டுகளில் இது அடிக்கடி நடக்கும். சிவாஜிநகர் மாதா திருநாள் சமயம் லாரியில் ஏற்றி இறக்கிக் குலுங்கி வரும் செட்டில் முதலில் விடுவது இந்த மெல்லிய வயரின் முனையில் உள்ள லக் தான். பாட்டே இல்லாத செட்டில் அந்த இரண்டு டெர்மினலுக்கும் நடுவே ஒரு லிங்க் கம்பி போட்டிருக்க வேண்டும். லிங்க் விட்டால் வோல்டேஜ் தன் அளவில் நிற்காது.

பாட்டைப் பொருத்திய பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பாட்டைச் சரியாக நடுவில் வைத்துவிட்டு, ஏவிஆர் பலகையில் உள்ள வோல்ட் திருகால் 415 கொண்டுவாருங்கள். அப்போதுதான் பாட்டில் மேலேயும் கீழேயும் சமமாக இடம் இருக்கும். பாட் கடைசி வரை திரும்பி முட்டிக்கொண்டு நிற்கும் செட்டுகளில் யாரோ இதைச் செய்யாமல் விட்டிருப்பார்கள்.

வோல்டேஜ் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கிறது. லைட் எல்லாம் மூச்சு விடுவதுபோல இருக்கிறது.

இதை ஹன்டிங் என்போம். இன்ஜின் ஆடுகிறதா, ஏவிஆர் ஆடுகிறதா என்று முதலில் பிரியுங்கள். காதைக் கொடுத்துக் கேளுங்கள். இன்ஜின் சத்தமும் ஏறி இறங்கி, ஹெர்ட்ஸும் கூடவே ஆடினால் கவர்னரையும் டீசல் லைனையும் பாருங்கள். ஹெர்ட்ஸ் அசையாமல் நிற்க வோல்டேஜ் மட்டும் ஆடினால் ஸ்டெபிலிட்டி திருகு. அதைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, பத்து விநாடி பொறுத்துப் பாருங்கள். ஆட்டம் நின்ற இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இன்னும் திருப்பினால் நல்லது என்று நினைத்து முழுக்கத் திருப்பினால் ஏவிஆர் மந்தமாகிவிடும், லிஃப்ட் கிளம்பும்போது விழுந்த வோல்டேஜ் எழுந்துவர நேரமாகும்.

லோடு இல்லாதபோது அமைதியாக இருந்து, யுபிஎஸ் வந்ததும் ஆடினால் விஷயம் வேறு. யுபிஎஸ் இழுக்கும் கரண்ட் வோல்டேஜின் அலைவடிவத்தையே கெடுத்துவிடும், வயண்டிங்கிலிருந்தே பவர் எடுக்கும் சாதாரண ஏவிஆர் அதில் குழம்பிப்போகும். எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் இந்தப் புகார் நிறைய வரும். பிஎம்ஜி என்ற தனிக் காந்த ஜெனரேட்டரிலிருந்து பவர் எடுக்கும் ஏவிஆர் இதை நன்றாகத் தாங்கும்.

வோல்டேஜ் 480, 500 என்று ஏறுகிறது. பாட்டைக் குறைத்தாலும் இறங்கவில்லை.

உடனே நிறுத்துங்கள். பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்.

ஆல்டர்னேட்டரிலிருந்து ஏவிஆருக்கு வோல்டேஜ் எவ்வளவு என்று சொல்லும் சென்சிங் வயர் ஒன்று விட்டுப்போயிருக்கலாம். வயர் விட்டால் ஏவிஆருக்கு வோல்டேஜ் இல்லை என்றுதான் தெரியும், இன்னும் கொடு இன்னும் கொடு என்று ஃபீல்டைத் தள்ளும். நல்ல ஏவிஆர்களில் இதற்குப் பாதுகாப்பு உண்டு, மலிவானவற்றில் இருக்காது. வயர் சரி என்றால் ஏவிஆரின் உள்ளே பவர் பாகம் ஷார்ட் ஆகியிருக்கும், மாற்றத்தான் வேண்டும். ஓவர் வோல்டேஜ் டிரிப்பை யாராவது தொந்தரவு என்று ஆஃப் செய்து வைத்திருந்தால் அன்றைக்கே ஆன் செய்யுங்கள்.

ஒரே ஒரு பேஸில் மட்டும் 300க்கு மேல் வருகிறது, இன்னொரு பேஸில் 150. எந்தத் திருகைத் திருப்புவது?

எதையும் திருப்பாதீர்கள். இது நியூட்ரல் விட்டுப்போனதன் அடையாளம். பேஸ் டு பேஸ் அளந்து பாருங்கள், மூன்றும் 415 ஆகத்தான் இருக்கும். ஜெனரேட்டர் சரியாகத்தான் கொடுக்கிறது. நியூட்ரல் லிங்க், நாலு போல் சேஞ்ச் ஓவர் சுவிட்சின் நியூட்ரல் கான்டாக்ட், நியூட்ரல் எர்த் மூன்றையும் பாருங்கள். பிரேக்கரை ஆஃப் செய்யாமல் தேட ஆரம்பித்தால் ஒவ்வொரு நிமிஷமும் யாரோ ஒருவர் வீட்டு டிவி போகும்.

மூன்று பேஸும் 235, 240, 246 என்று கொஞ்சம் கொஞ்சம் மாறினால் அது லோடு சமமாக இல்லாததால் வருவது. சில ஏவிஆர்கள் ஒரு ஜோடி பேஸை மட்டுமே பார்த்துச் சரிசெய்யும், மற்றவை லோடுக்கு ஏற்ப விலகும். லோடைப் பிரித்துப் போடுவதுதான் வழி.

இன்ஜின் நன்றாக ஓடுகிறது, வோல்டேஜ் மட்டும் வரவே இல்லை. மீட்டரில் 3, 4 வோல்ட்தான்.

பல மாதம் ஓட்டாமல் கிடந்த செட்டில் இது சகஜம். பிரஷ் இல்லாத ஆல்டர்னேட்டரில் எக்சைட்டரின் (ரோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் உள்ளே உள்ள சின்ன ஜெனரேட்டர்) இரும்பில் மிச்சமிருக்கும் காந்தத்தை வைத்துத்தான் முதல் வோல்டேஜ் பிறக்கிறது. அந்தக் காந்தம் வடிந்துவிட்டால் ஏவிஆர் விழித்துக்கொள்ள வழியில்லை. பிஎம்ஜி உள்ள செட்டுக்கு இந்தப் பிரச்சினை கிடையாது.

செட்டை நிறுத்திவிட்டு, ஏவிஆரிலிருந்து எக்சைட்டர் ஃபீல்டுக்குப் போகும் இரண்டு வயரையும் கழற்றுங்கள். ஸ்டாம்ஃபோர்டு வகையில் அவை எக்ஸ், எக்ஸ் எக்ஸ் என்ற டெர்மினல்கள். 12 வோல்ட் பேட்டரியின் பாசிட்டிவை எக்ஸ் வயரிலும் நெகட்டிவை எக்ஸ் எக்ஸ் வயரிலும் இரண்டு மூன்று விநாடி வைத்து எடுங்கள். மாற்றி வைக்கக் கூடாது. எடுக்கும்போது ஒரு பொறி பறக்கும், அதனால் டீசல் வாளியைத் தள்ளி வையுங்கள். வயர்களை ஏவிஆரில் பழையபடி மாட்டி ஓட்டுங்கள். ஏவிஆரில் வயர் மாட்டியிருக்கும்போது பேட்டரி கொடுத்தால் ஏவிஆர் போய்விடும், அதற்காகத்தான் கழற்றச் சொல்கிறேன்.

பெரிய செட்டுகளில் இரண்டு பேட்டரி சேர்த்து 24 வோல்ட் இருக்கும். ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் எடுங்கள்.

கோளாறு ஏவிஆரிலா, ஆல்டர்னேட்டரிலா என்று உறுதியாக எப்படித் தெரிந்துகொள்வது?

இந்த ஒரு சோதனையைக் கற்றுக்கொண்டால் யாரும் உங்களை ஏமாற்றி ஏவிஆர் விற்க முடியாது. அனுபவம் உள்ள ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள்.

மெயின் பிரேக்கர் ஆஃப். முன் சொன்னதுபோல ஃபீல்டு வயர் இரண்டையும் ஏவிஆரிலிருந்து கழற்றி, 12 வோல்ட் பேட்டரியில் நிரந்தரமாக மாட்டுங்கள். இப்போது செட்டை ஓட்டி 50 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவந்து மூன்று பேஸையும் அளவுங்கள். லோடு இல்லாமல் 12 வோல்ட் ஃபீல்டில் 415க்குப் பக்கத்தில், 10 சதவீதத்துக்குள், மூன்றும் சமமாக வந்தால் ஆல்டர்னேட்டர் நல்லது. கோளாறு ஏவிஆரிலோ அதன் வயரிலோதான்.

மூன்றும் சமமாக வந்து, ஆனால் மிகவும் குறைவாக இருந்தால் ரோட்டாரோடு சேர்ந்து சுற்றும் ரொட்டேட்டிங் டயோடில் ஒன்றிரண்டு போயிருக்கும், அல்லது மெயின் ரோட்டாரில் கோளாறு. ஆறு டயோடும், அதிக வோல்டேஜிலிருந்து அவற்றைக் காக்கும் ஒரு வேரிஸ்டரும் பின்பக்க மூடியைத் திறந்தால் தெரியும். டயோடின் பிக்டெயில் வயரைக் கழற்றி மல்டிமீட்டரில் இரு திசையும் பாருங்கள், ஒரு திசையில் மட்டும் காட்ட வேண்டும். வேரிஸ்டர் கருகியிருந்தால் அதையும் மாற்றுங்கள். மூன்று பேஸும் சமமில்லாமல் வந்தால் ஸ்டேட்டர் வயண்டிங்கில் பிரச்சினை. அது பட்டறை வேலை.

ஈரம் பட்ட ஆல்டர்னேட்டரை, இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகர் வைத்துப் பார்ப்பார்கள். ஏவிஆரைக் கழற்றி, டயோடுகளையும் பிரித்துவிட்டுத்தான் மெகர் சுற்ற வேண்டும். 500 வோல்ட் மெகரை அப்படியே வைத்து நல்ல ஏவிஆரைக் கொன்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

லிஃப்டோ போர்வெல் மோட்டாரோ கிளம்பும்போது வோல்டேஜ் தொப்பென்று விழுகிறது. வோல்டேஜை 430இல் வைத்தால் சரியாகுமா?

ஆகாது. நேரடி ஸ்டார்ட்டரில் மோட்டார் கிளம்பும்போது ஓடும் கரண்ட்டைப்போல ஆறேழு மடங்கு இழுக்கும். ஒரு நொடி விழுந்து எழுந்தால் அது இயல்பு. விழுந்தது எழவே இல்லை என்றால் செட் சின்னது, அல்லது இன்ஜினுக்கு மூச்சு இல்லை. பெரிய மோட்டாரை முதலில் ஓட்டிவிட்டு மற்ற லோடைப் பிறகு ஏற்றுங்கள். கரண்ட் வந்து போகும்போது எல்லா மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பாமல் டைமர் போட்டால் பாதி புகார் நின்றுவிடும்.

ஒற்றை செட்தான். லோடு ஏற ஏற வோல்டேஜ் சீராக இறங்குகிறது, ஹெர்ட்ஸ் சரியாக இருக்கிறது.

முன்பு வேறொரு செட்டோடு சேர்த்து ஓட்டிய மெஷினா என்று விசாரியுங்கள். ட்ரூப்புக்காகக் கரண்ட்டை அளக்கும் சிடி (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) இன்னும் மாட்டியிருக்கும். தனியாக ஓடும் செட்டில் ஏவிஆரின் எஸ்1, எஸ்2 டெர்மினலை ஷார்ட் செய்துவிட வேண்டும். சிடி இல்லை என்றால் டயோடைச் சந்தேகப்படுங்கள்.

லோடு குறைந்த ராத்திரியில் வோல்டேஜ் தானாக ஏறுகிறது. ஏன்?

பவர் ஃபேக்டர் பேனலின் கப்பாசிட்டர்கள் ஜெனரேட்டரில் ஓடும்போதும் ஆனில் இருக்கிறதா பாருங்கள். லோடு குறைவாகவும் கப்பாசிட்டர் அதிகமாகவும் இருந்தால் கப்பாசிட்டரே ஆல்டர்னேட்டருக்கு ஃபீல்டு கொடுக்க ஆரம்பித்துவிடும். ஏவிஆர் ஃபீல்டைப் பூஜ்யமாக்கினாலும் வோல்டேஜ் ஏறும். எந்தத் திருகும் இதைப் பிடித்து நிறுத்தாது. டிஜி ஓடும்போது கப்பாசிட்டர் பேனல் தானாக ஆஃப் ஆக இன்டர்லாக் போடச் சொல்லுங்கள்.

இரண்டு செட் சேர்ந்து ஓடுகிறது. ஒன்று அதிக லோடு இழுக்கிறது. அதன் வோல்டேஜைக் குறைத்தால் லோடு பிரியுமா?

கிலோவாட் லோடு பிரியாது. அது டீசல் எவ்வளவு போகிறது என்பதைப் பொறுத்தது, கவர்னரின் வேலை. வோல்டேஜைத் திருப்பினால் மாறுவது, வேலை எதுவும் செய்யாமல் போய்வரும் ரியாக்டிவ் கரண்ட். ஒன்றில் ஏற்றி ஒன்றில் இறக்கினால், வெளியே யாருக்கும் பயன்படாமல் இரண்டு ஆல்டர்னேட்டருக்கும் நடுவிலேயே கரண்ட் சுற்றி இரண்டையும் சூடாக்கும். கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் அதிகம், கிலோவாட் குறைவு என்று தெரிந்தால் இதுதான். தனித்தனியே ஓட்டி, ஒரே ஹெர்ட்ஸில் ஒரே வோல்டேஜ் வைத்து, ட்ரூப்பைச் சமமாக்கிய பிறகு சேருங்கள்.

புது ஏவிஆர் மாட்டினேன். முதல் தடவை எப்படி ஓட்டுவது?

வோல்ட் திருகைக் குறைந்தபட்சத்துக்குத் திருப்புங்கள், பெரும்பாலும் கடிகாரத்துக்கு எதிர்த்திசை. ஸ்டெபிலிட்டி நடுவில், வெளிப் பாட்டும் நடுவில். பிரேக்கர் ஆஃப். ஓட்டி, 50 ஹெர்ட்ஸ் பார்த்து, மெதுவாக 415க்கு ஏற்றுங்கள். பழைய ஏவிஆர் நின்ற இடத்தைப் பார்த்து அதே திசையில் வைத்துவிட்டுக் கிளப்புவது ஆபத்து.

கடையில் இருக்கும் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டரில் வோல்டேஜ் திருகே இல்லையே?

பல சின்ன மாடல்களில் ஏவிஆர் கிடையாது, ஒரு கப்பாசிட்டர்தான் வோல்டேஜை உண்டாக்குகிறது. வேகம் சரியாக இருந்தும் வோல்டேஜ் குறைந்தால் கப்பாசிட்டரை அதே மைக்ரோஃபாரடில் மாற்றுங்கள். வேகத்தைத் திருகி வோல்டேஜை ஏற்றாதீர்கள்.

பெங்களூர் உயரத்தால் வோல்டேஜ் குறையுமா?

குறையாது. நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர். ஆல்டர்னேட்டர்களின் அளவு பொதுவாக 1000 மீட்டர் வரை செல்லும்.

மெக்கானிக்குக்குப் போன் செய்யும்போது என்ன சொல்ல வேண்டும்?

"ஜெனரேட்டர் வேலை செய்யவில்லை" என்றால் எங்களுக்கு ஒன்றும் புரியாது. ஆல்டர்னேட்டர் பெயர்ப்பலகை, ஏவிஆர் பலகை இரண்டையும் படம் எடுத்து அனுப்புங்கள். லோடு இல்லாமல் ஹெர்ட்ஸ் எவ்வளவு, மூன்று பேஸ் டு பேஸ் எவ்வளவு, பேஸுக்கும் நியூட்ரலுக்கும் எவ்வளவு, லோடு போட்டதும் அவை என்னவாகின்றன என்று எழுதுங்கள். ஏவிஆரின் எல்இடி எரிகிறதா என்று பாருங்கள். கடைசியாக யார், எந்தத் திருகைத் தொட்டார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். திருப்பியது நீங்களாகவே இருந்தாலும் சொல்லுங்கள், நான் கோபித்துக்கொள்ளமாட்டேன். அது தெரிந்தால் போனிலேயே பத்து நிமிஷத்தில் முடியும் வேலை, தெரியாவிட்டால் ஒசூர் ரோடு டிராஃபிக்கில் நான் வந்துசேர்ந்த பிறகுதான் ஆரம்பிக்கும்.